பச்சை மையில் ஒரு வரி

என் கணவர் பீடி குடித்ததில்லை. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டியை நான் பார்த்ததில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வந்ததுதான்.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் சாலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏழு நிமிஷ நடையில், மரக்கதவும் அலமாரியும் செய்யும் கம்பெனி. நான் அங்கே ஸ்டோர் கிளார்க். தபால் பிரிப்பது, ரிஜிஸ்டர் எழுதுவது, பெயிண்ட் டப்பாக்களை எண்ணிக் கொடுப்பது என் வேலை. அவர் ஸ்பிரே ரூமில் இருந்தார். கதவு கண்ணாடி மாதிரி மின்ன வேண்டுமென்றால் பெயிண்ட்டோடு ஹார்டனர் என்ற திரவத்தைக் கலந்து, தின்னர் விட்டு, காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிக்க வேண்டும். பதினொரு வருஷம் அவர் அதைத்தான் அடித்தார். முகத்தில் ஒரு மாஸ்க். அதை மறுநாளும் போட வசதியாக அதே ரூமில் ஆணியில் மாட்டிவிட்டு வருவார். அந்த ரூமில் அடித்த நாலு பேரும் அப்படித்தான் செய்வார்கள்.

எனக்கு டைரி எழுதும் பழக்கம் உண்டு. ஹார்டுவேர் கடைக்காரர் வருஷாவருஷம் கொடுக்கும் டைரியில் நாளுக்கு ஐந்து வரி. ஆறாவது வரி எழுதுவதில்லை. பஸ் வந்த நேரம், வைத்த குழம்பு, கொடுத்த டப்பா எத்தனை, யாருக்கு என்ன உடம்புக்கு. அப்படித்தான் அவருடைய இருமலும் டைரிக்குள் வந்தது. எழுதும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஒரு லீவு நாளில் பழைய பக்கங்களைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. திங்கட்கிழமை சாயங்காலம் இருமல் ஆரம்பிக்கிறது. சனிக்கிழமைக்குள் நெஞ்சு விசிலடிக்கிறது. ஞாயிறு சாயங்காலத்துக்குள் அடங்கிவிடுகிறது. பொங்கலுக்குக் குன்றாண்டார்கோவிலில் அவர் அண்ணன் வீட்டில் ஐந்து நாள் இருந்தோம். அந்த ஐந்து பக்கங்களிலும் இருமல் என்ற வார்த்தையே இல்லை.

மாடிப்படி ஏற முடியாமல் போனபோது காப்பீட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நல்ல மனிதர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், ஊதச் சொன்னார், என்ன வேலை என்று விசாரித்தார். வேலையால் வந்த நோய் என்று அவர் எழுதிக் கொடுத்தால், கம்பெனி இவருக்கு வேறு பிரிவில் வேலை கொடுத்தாக வேண்டும். எழுதாவிட்டால் உடம்பு முடியாத ஆள் என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்த ஒரு எழுத்துக்காகத்தான் போயிருந்தோம்.

கம்பெனியில் வருஷம் ஒருமுறை நடக்கும் மருத்துவ முகாமின் தாளை டாக்டர் கேட்டார். கொடுத்தேன். முதல் பக்கத்தைப் படித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"பீடி குடிக்கிறதைச் சொல்லவே இல்லையே நீங்க?"

"குடிக்கிறதில்லைங்களே" என்றார் இவர்.

"புகைப்பழக்கம் உண்டு, பல வருஷமான்னு ஒங்க கம்பெனியே எழுதிருக்கு. இதை வச்சுக்கிட்டு வேலையால வந்துச்சுன்னு நான் எப்படிம்மா எழுதுறது?"

தாளைத் திருப்பி வாங்கிப் பார்த்தேன். பச்சை மை. எங்கள் கம்பெனியில் பச்சை மையில் எழுதுகிறவர் ஒரே ஒருவர்தான். பெரிய அதிகாரிகள் மாதிரி இருக்கட்டும் என்று மேனேஜர் தனியாக வாங்கி வைத்திருந்த பேனா அது.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு அவர் அறைக்குப் போய்த் தாளை மேஜையில் வைத்தேன்.

"இந்த வரி தப்பா இருக்குங்க சார். அவரு பீடி குடிச்சதே இல்லை."

"பெயிண்ட் அடிக்கிறவன் பீடி குடிக்காம இருப்பானாம்மா? மூஞ்சியைப் பாத்தே போட்டுட்டேன். அன்னைக்கு அம்பது தாள் நெரப்ப வேண்டியிருந்துச்சு."

"ஸ்பிரே ரூமுக்குள்ள தீப்பெட்டி கொண்டாரக் கூடாதுன்னு சட்டம் போட்டதே அவருதாங்க சார்."

அவர் சிரித்தார். "வீட்டுல நல்ல புள்ளையாத்தான் இருப்பாரு. ஒங்களுக்குத் தெரியாம டீக்கடையில குடிச்சிருப்பாரு. பொம்பளைங்களுக்கு எல்லாமா தெரியுது?"

"திருத்திக் கொடுத்துருங்க சார்."

"திருத்துனா, முன்னாடி எழுதுனது பொய்யின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். போங்கம்மா, போய் வேலையைப் பாருங்க."

இருபத்திரண்டு வருஷம் நான் துவைத்த சட்டைகளைப் பற்றி அந்த ஆள் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைய ஐந்தாவது வரியில் எழுதினேன்: 'இந்த வரியை அவர் கையாலேயே, அதே பேனாவால், மாற்றி எழுத வைப்பேன்.' எழுதிய பிறகு தூக்கம் நன்றாக வந்தது.

அந்த மாதக் கடைசியில் இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். "விட்டுத்தொலை. வேற பொழைப்பா இல்லை?" என்றார் இவர். அவரால் விட முடிந்தது. அவருக்கு மூச்சு வாங்குவதே பெரிய வேலையாக இருந்தது. எனக்கு அப்படி இல்லை.

வாய்ப்பு தபாலில் வந்தது. எங்களிடம் அதிகமாகக் கதவு வாங்கும் கட்டடக் கம்பெனி ஒன்று, பெயிண்ட் அடிக்கும் இடத்துக் காற்றை அளந்து அறிக்கை கொடுத்தால்தான் அடுத்த ஆர்டர் என்று சொல்லியிருந்தது. அளக்க வரும் பெண் திருச்சியிலிருந்து ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதம் அனுப்பியிருந்தார். தபாலைப் பிரிப்பது நான் என்பதால் முதலில் படித்ததும் நான்தான். வழக்கமான வேலை வழக்கம்போல நடக்க வேண்டும், எதையும் நிறுத்தக் கூடாது என்று இருந்தது. நாலாவது பத்தியில், வருவதற்கு முந்தைய நாளிலிருந்தே வேலையிடத்தில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி எதுவும் ஏற்றக் கூடாது, அந்தப் புகையும் கருவியில் ஏறி அளவு கெட்டுவிடும் என்று இருந்தது. நம் ஊர்ப் பழக்கம் தெரிந்து எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடிதத்துக்கு நம்பர் போட்டு, ரிஜிஸ்டரில் ஏற்றி, மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் முதல் வரியில் தேதியை மட்டும் பார்த்தார். இரண்டாம் பக்கத்தின் அடியில் பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தைத் திருப்ப மட்டுமே நேரம் எடுத்தது. நான் அதை ஒரு பிரதி எடுத்து ஃபைலில் வைத்தேன். அசலையும் வைத்தேன்.

அந்தப் பெண் வருகிற நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை காலையிலேயே மேனேஜர் ஸ்பிரே வேலையை நிறுத்தினார். தின்னர் டப்பாக்களைப் பின்பக்க ஷெட்டுக்கு அனுப்பினார். ஜன்னல் கதவு எல்லாவற்றையும் திறந்து வைத்தார். டவுனிலிருந்து நாலு புது மாஸ்க் வந்தது. முன்பு இவரோடு சேர்ந்து அடித்து, இப்போது இவர் இடத்தில் அடிக்கிறவர் கீரமங்கலம் பக்கத்து ஆள், நாற்பது வயசிருக்கும், வாய் சும்மா இருக்காது. தரையைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்:

"என்னக்கா, ஸ்பிரே ரூமுக்குப் பொண்ணு பாக்க வாராங்களா? பூ மட்டுந்தான் வைக்கலை."

"ஃபேனைக் கேட்டா தெனமும் ஓடுதுன்னு சொல்லு" என்றார் மேனேஜர் அவரிடம்.

"ஓடுதுன்னு சொல்லலாம் சார். போட்டுக் காட்டச் சொன்னா?"

வெளியே காற்றை இழுத்துத் தள்ளும் அந்தப் பெரிய ஃபேனுக்குப் பெல்ட் அறுந்து இரண்டு வருஷம் ஆகிறது. ரிப்பேருக்கு நான் எழுதிக் கொடுத்த மூன்று தாள்களும் என் ஃபைலில் இருக்கின்றன.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு மேனேஜர் ஸ்பிரே ரூம் நடுவில் நின்று மூக்கை உறிஞ்சினார். சுவரில் ஊறிய தின்னர் வாடை ஒரு நாளில் போகிறதா?

"வாடை போகலையேம்மா. வெள்ளிக்கிழமை போடுற சாம்பிராணி இருக்குல்ல?"

வெள்ளிக்கிழமைதோறும் ஆபீஸிலும் மரவேலை ஷெட்டிலும் தூபக்காலைச் சுற்றி வருவது பல வருஷமாக என் பொறுப்பு. சாம்பிராணி போட்டால் காற்று சுத்தமாகிவிடும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். கடிதம் வரும்வரை நானும் நம்பினேன்.

"இருக்குங்க சார்."

"நல்லாப் போட்டுவிடுங்க. இங்கிட்டு மூலை, அங்கிட்டு மூலை, ஒண்ணு விடாம."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலாவது பத்தி என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்குள் அந்தச் சிரிப்புதான் கேட்டது: பொம்பளைங்களுக்கு எல்லாமா தெரியுது?

"சரிங்க சார்" என்றேன்.

வழக்கமாக மூன்று துண்டு கரி போடுவேன். அன்று ஆறு. சாம்பிராணியை உள்ளங்கை நிறைய இடித்துப் போட்டேன். நெருப்பை ஸ்பிரே ரூமுக்குள் கொண்டுபோகவில்லை, அது இவர் போட்ட சட்டம். வாசலில் வைத்து முறத்தால் விசிறினேன். எல்லாக் கதவும் திறந்திருந்ததால் புகை தானாக உள்ளே போய்க் கூரை வரைக்கும் நின்றது.

ஒன்பது நாற்பதுக்கு அந்தப் பெண் வந்தார். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். தோளில் பை, கையில் செங்கல் அளவு ஒரு கருவி. ஸ்பிரே ரூமுக்குள் காலை வைத்ததும் கருவியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"இங்க என்ன எரிஞ்சுது?"

"சாமி கும்பிட்டோம்மா. நீங்க வர்ற நல்ல நாளு" என்றார் மேனேஜர், பெருமையாக.

"செவ்வாய்க்கிழமையா? சார், நான் அனுப்புன லெட்டரைப் படிச்சீங்களா?"

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இதைத்தான் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

"லெட்டரா? எனக்கு யாருமே காட்டலையே. ஏம்மா, தபால் பாக்குறது நீங்கதானே? சொல்ல வேண்டாமா?"

வேலையாட்கள் பதினேழு பேர் அங்கே நின்றிருந்தார்கள். நான் ஸ்டோருக்குப் போய், முந்தின நாளே சீட்டு செருகி வைத்திருந்த ஃபைலை எடுத்து வந்து, இரண்டாம் பக்கத்தைத் திறந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். நாலாவது பத்தியையும் அதற்குக் கீழே பச்சை மையையும் அவர் பார்த்தார். பிறகு மேனேஜர் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்தார். கீரமங்கலத்துக்காரர் இருமுவது மாதிரி சிரித்தார்.

"பார்த்தேன்னு எழுதிருக்கீங்களே சார்?"

மேனேஜர் பேனாவைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். காது இரண்டும் சிவந்திருந்தன. அதையும் அன்று டைரியில் குறித்தேன்.

அந்தப் பெண் புது மாஸ்க் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். விலைச்சீட்டு ஒட்டியே இருந்தது. ஸ்டோர் ரிஜிஸ்டர் கேட்டார், கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் ஹார்டனர் இத்தனை டப்பா என்று வரிசையாக இருந்தது. நேற்றைக்கும் இன்றைக்கும் மட்டும் இல்லை.

"இன்னைக்கு அளந்தா அது ஒங்க வேலையோட காத்தும் இல்லை, சும்மா இருக்குற காத்தும் இல்லை. திரும்ப வர்றேன். எப்பன்னு சொல்ல மாட்டேன்."

அவர் போன பிறகு மேனேஜர் என் மேஜைக்கு வந்து நின்றார். முதல்முறையாக ஒருமையில் பேசினார்.

"வேணும்னே பண்ணுனியா?"

"நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன் சார். ஒரு மூலை விடலை."

இந்த இடத்தோடு நிறுத்தினால் எனக்கு நன்றாக இருக்கும். ஆனால் டைரியில் அடுத்த பக்கமும் இருக்கிறது. அந்தப் பெண் மறுபடி வருவதற்குள் பத்தொன்பது வேலைநாள் போயிற்று. நிறுத்தி வைத்த வேலையை ஈடுகட்டவும், கையில் இருந்த ஆர்டரை அவர் வருவதற்குள் முடிக்கவும் ஸ்பிரே ரூமில் அந்தப் பத்தொன்பது நாளும் இரட்டிப்பாக அடித்தார்கள். நான்தான் டப்பாக்களை எண்ணிக் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் கீரமங்கலத்துக்காரர் ஸ்டோர் ஜன்னலில் கையை ஊன்றி மூச்சை இழுத்துக்கொண்டார்.

"அக்கா, அன்னைக்கே அந்தம்மா அளந்து முடிச்சிருந்தா ஃபேனாவது வந்திருக்கும்ல?"

"அன்னைக்கு அளந்திருந்தா எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க தம்பி. பெயிண்ட்டே அடிக்கலையே."

"அதுவும் சரிதான்" என்றார். டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். நான் சொன்னது நியாயம்தான். இருந்தாலும் ஆறு துண்டு கரி போட்டபோது நான் அவரை நினைக்கவில்லை. பச்சைப் பேனாவை மட்டும்தான் நினைத்தேன். அதை அன்று எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.

இரண்டாம் முறை அந்தப் பெண் ஒரு வியாழக்கிழமை எட்டு ஐம்பதுக்கு வந்தார். வேலை நடந்துகொண்டிருந்தது, கதவுகள் சாத்தியிருந்தன, பெயிண்ட் மேல் தூசி படியாமல் இருக்க எப்போதும் சாத்தித்தான் அடிப்பார்கள். ஸ்பிரே அடிக்கும் இரண்டு பேரின் இடுப்பில் சின்ன பம்ப் ஒன்றைக் கட்டி, அதிலிருந்து குழாயை இழுத்துச் சட்டைக் காலரில், மூக்குக்கு ஒரு சாண் கீழே குத்திவிட்டார். நாள் முழுக்க அவர்கள் எந்தக் காற்றை இழுக்கிறார்களோ அதையே பம்பும் இழுக்கும். அதை லேபுக்கு அனுப்பிச் சோதிப்பார்களாம்.

சாயங்காலம் வரை அவர் கவிழ்த்த பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். எத்தனை கதவு, எத்தனை நிமிஷம், யார் கலக்கிறார்கள், கலக்கும்போது மூடி எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது. பெல்ட் இல்லாத ஃபேனில் இருந்த சிலந்தி வலையைப் படம் எடுத்தார். ஆணியில் தொங்கிய பழைய மாஸ்க்கைக் கையில் எடுத்துப் பெருமூச்சு விட்டார்.

"இதை இங்கயே மாட்டி வச்சா ராத்திரி பூரா இதே காத்தை இது குடிச்சுக்கிட்டே இருக்கும். காலையில நீங்க போடும்போது இதுல ஒண்ணும் மிச்சம் இருக்காது. டப்பாவுல போட்டு மூடி வெளிய வைக்கணும்."

"வாடை அடிக்காமத்தாம்மா இருக்கு" என்றார் கீரமங்கலத்துக்காரர்.

"வாடை அடிக்கிறது தின்னர். ஹார்டனர் கெடுதல் பண்ற அளவுல இருந்தாலும் வாடையே அடிக்காது. நுரையீரலுக்கு ஒருதடவை அது ஒத்துக்காமப் போச்சுன்னா, அப்புறம் துளி பட்டாலும் இழுக்கும்."

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பதினொரு வருஷம். வாடை குறைந்திருக்கிறது என்று இவர் சந்தோஷமாகச் சொன்ன நாட்கள்கூட டைரியில் இருக்கின்றன.

மூச்சுத் தொந்தரவால் யாராவது வேலையை விட்டார்களா என்று கேட்டார். டைரிப் பக்கங்களின் பிரதி என் பையில் தயாராக இருந்தது. கூடவே மருத்துவ முகாம் தாள். அவர் வாளியை விட்டு எழுந்திருக்காமல் எல்லாவற்றையும் படித்தார்.

"லீவுல சரியாகுது, வேலைக்கு வந்தா திரும்புது. இதைத்தான் நாங்க தேடுவோம். நீங்க நர்ஸா?"

"ஸ்டோர் கிளார்க்குங்க."

"இந்தப் புகைப்பழக்கம்ங்கிற வரி?"

"பொய்ங்க. மத்த ஸ்பிரே ஆளுங்க தாளையும் கேட்டுப் பாருங்க."

கேட்டார். இவருடையதோடு சேர்த்து நாலு தாள், நாலிலும் அதே வரி, அதே பச்சை மை. கீரமங்கலத்துக்காரர் தன் தாளை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பல வருஷமா குடிக்கிறேனாம்ல. எம் பொண்டாட்டி பாத்தா வெளக்கமாத்தை எடுத்துருவா."

அறிக்கை ஒரு மாதத்தில் வந்தது. நான்தான் பிரித்தேன். மூச்சில் போகும் ஹார்டனர் அனுமதித்த அளவைத் தாண்டியிருக்கிறது, ஃபேன் போட்டு, வெளிக்காற்று வரும் முகமூடி கொடுக்கும்வரை ஸ்பிரே வேலை கூடாது, உடல்நலத் தாள்களில் உண்மைக்கு மாறான பதிவு இருப்பதால் திருத்தி அனுப்ப வேண்டும். கட்டடக் கம்பெனி அதுவரை ஆர்டரை நிறுத்தி வைத்தது. திருச்சியிலிருந்து முதலாளி வந்தார். மேனேஜர் அறையில் நடந்த பேச்சு ஸ்டோர் வரைக்கும் கேட்டது. நான் கதவைச் சாத்தவில்லை.

அன்று மூன்று பத்துக்கு மேனேஜர் என் மேஜைக்கு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். திருத்தக் கடிதம் எழுத வேண்டும், தாள் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். நீலப் பேனாவை எடுத்தார்.

"பச்சையிலயே எழுதுங்க சார். முன்னாடி எழுதுன மை எதுவோ அதுலயே இருக்கட்டும்."

என்னைப் பார்த்தார். எடுத்தார். எழுதினார். புகைப்பழக்கம் இல்லை, முன்பு விசாரிக்காமல் எழுதப்பட்டது. கையெழுத்து. வாங்கிப் படித்தேன்.

"தேதி விட்டுப்போச்சுங்க சார்."

"ஓரத்துல போட்டுக்கலாம்மா."

"அடிச்சுத் திருத்துன மாதிரி இருக்கும். வேற தாள் தாரேன்."

நாலு பேருக்கும் நாலு கடிதம். இவருடையதை மட்டும் இரண்டு முறை. எழுதி முடிக்க முப்பத்தைந்து நிமிஷம். நான் ஃபேனைப் போடவில்லை. அவர் கழுத்தில் வேர்வை இறங்கியது.

வீட்டுக்குப் போய் இவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். ஜன்னலோரம் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"நான் பீடி குடிச்சதில்லைங்கிறதுக்கு ஒரு சர்டிபிகேட்டா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்க நேரமானது. எந்தக் கடிதமும் அதைத் திருத்தாது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஆனாலும் அடுத்த வாரம் வேலையால் வந்த நோய் என்று அவர் எழுதிக் கொடுத்தார். இவர் இப்போது வேறு கட்டடத்தில், பெயிண்ட் வாடையே எட்டாத தூரத்தில், கதவுகளுக்குக் கீல் அளவு குறிக்கிறார்.

மேனேஜரை முதலாளி வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுக்காதது எனக்கு நல்லதாகப் போயிற்று. தினமும் வேலை ஆரம்பிக்கும் முன் ஃபேன் ஓடுகிறதா, முகமூடிக்குக் காற்று வருகிறதா என்று அவரே ஸ்பிரே ரூமுக்குள் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று புது விதி. அதற்கு ரிஜிஸ்டர் போட்டது நான். பக்கத்துக்கு ஒன்பது கேள்வி. முதலாளி நாலு போதும் என்றார். ஒன்பதாக இருக்கட்டும் என்றேன்.

எட்டு இருபதுக்கு ரிஜிஸ்டரை மேனேஜரிடம் நீட்டுகிறேன். அவர் நேராகக் கடைசி வரிக்குப் போகிறார். நான் அந்தக் கடைசி வரியின் மேல் கையை வைத்துக்கொள்கிறேன்.

"படிச்சுட்டுப் போடுங்க சார்."

கீரமங்கலத்துக்காரர் முகமூடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். அவர் மூச்சு இன்னும் சனிக்கிழமைகளில் கொஞ்சம் இழுக்கிறது, அது என் டைரியில் தனியாகப் போகிறது. மேனேஜர் ஒன்பது கேள்வியையும் வாய்விட்டுப் படிக்கிறார். அவர் கடைசிச் சொல்லை முடிக்கும் வரை அந்த வரியை விட்டு என் கையை எடுப்பதில்லை.